கின்டாமா: கறுப்புக் கப்பல்களுக்குப் பதில் விண்கலங்கள் வந்திருந்தால்

ஜப்பானிய அனிமேஷனான அனிமே பார்க்கத் தொடங்கியவர்கள் ‘கின்டாமா’ எப்படிப்பட்ட தொடர் என்று விசாரித்தால், கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. சாமுராய் கதை என்பார் ஒருவர். வேற்றுக்கிரகவாசிகள் வரும் அறிவியல் புனைவு என்பார் இன்னொருவர். வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் காமெடி என்று சத்தியம் செய்வார் அடுத்தவர். கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் மனசே சரியில்லை என்பவரும் இருப்பார். நாலு பேர் சொல்வதும் உண்மைதான். 367 எபிசோடுகள், சில அனிமே திரைப்படங்கள் என்று நீளும் ஒரு தொடருக்குள் இவை அத்தனையும் இருக்கின்றன. ஆனால் இவை எப்படி ஒரே கதைக்குள் அடங்குகின்றன என்று தெரியாமல் உள்ளே போகிறவர்கள், பத்துப் பதினைந்து எபிசோடிலேயே குழம்பி வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். கின்டாமா, ஹிதேயாகி சொராச்சி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். ஜப்பானின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 2003 டிசம்பரில் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் வேறு இதழுக்கும் பிறகு ஒரு செயலிக்கும் இடம் மாறி, 2019 ஜூனில் முடிந்தது. மொத்தம் 704 அத்தியாயங்கள், 77 தொகுதிகள். அனிமே 2006 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் ஆரம்பமானது. எடுத்தது சன்ரைஸ் நிறுவனம். ராட்சத ரோபோக்கள் மோதும் ‘கண்டம்’ தொடர்களுக்குப் பேர்போன அதே சன்ரைஸ்தான். 2015-இலிருந்து பண்டாய் நாம்கோ பிக்சர்ஸ் பொறுப்பேற்றது. இடையிடையே நின்று, மறுபடி கிளம்பி, 2018 அக்டோபர் வரை தொலைக்காட்சியில் ஓடியது. கதை முழுதாக முடிந்தது 2021 ஜனவரியில் வெளியான ‘தி ஃபைனல்’ திரைப்படத்தில்.

இந்தத் தொடரின் சாவி ஒரே ஒரு கற்பனையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாகப் பொருந்தும்.

1853-இல் வந்தது யார்?

1853 ஜூலையில், அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு எடோ விரிகுடாவின் வாயிலில் இருக்கும் உராகாவுக்கு வந்து நங்கூரம் பாய்ச்சினார். எடோ என்பது இன்றைய டோக்கியோ. ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளிநாட்டாருடனான உறவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. வாளேந்திய சாமுராய்களின் தலைநகரத்துக்கு முன்னால் பீரங்கிகளோடு நின்ற அந்தக் கப்பல்களைத்தான் ஜப்பானியர்கள் இன்றும் ‘கறுப்புக் கப்பல்கள்’ என்று சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே ஷோகன் அரசு பணிந்து ஒப்பந்தம் போட்டது. 1858-இல் மேலும் பல நாடுகளோடு ஒப்பந்தங்கள். அவற்றின்படி, ஜப்பான் மண்ணில் குற்றம் செய்த வெளிநாட்டவரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அந்த அவமானம் உள்நாட்டில் தீயாகப் பரவியது. அந்நியரை விரட்ட வேண்டும் என்று வாளெடுத்தவர்கள் ஒரு பக்கம், ஷோகனைக் காப்பாற்ற நின்றவர்கள் மறுபக்கம். 1868-இல் ஷோகன் ஆட்சி சாய்ந்தது. 1876-இல் புதிய அரசு, பொது இடத்தில் வாள் ஏந்தக்கூடாது என்று தடை போட்டது. சாமுராய் காலம் அதோடு முடிந்தது.

சொராச்சி செய்தது இதில் ஒரே ஒரு மாற்றம். கறுப்புக் கப்பல்கள் வந்த இடத்தில் விண்கலங்கள் வருகின்றன. பெர்ரிக்குப் பதிலாக ‘அமந்தோ’ என்று அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசிகள் இறங்குகிறார்கள். சாமுராய்கள் வருடக்கணக்கில் போராடித் தோற்கிறார்கள். ஷோகன் அரசு, தன்னை நம்பிப் போராடியவர்களையே கைவிட்டுவிட்டு வந்தவர்களிடம் சரணடைகிறது. வாள் தடைச் சட்டம் வருகிறது. நம் கதை தொடங்குவது இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு, அமந்தோக்கள் வந்து இருபது ஆண்டுகள் ஆன எடோவில்.

இந்த எடோவைப் பார்ப்பதே தனி அனுபவம். ஓட்டு வீடுகள், மரப் பாலங்கள், கிமோனோ உடுத்திய மக்கள். நடு நகரத்தில் மேகத்தைத் தொடும் ‘டெர்மினல்’ கோபுரம், அதிலிருந்து கிரகங்களுக்குக் கிளம்பும் கலங்கள். தெருவில் ஸ்கூட்டர் ஓடுகிறது. வீட்டில் டிவி, கையில் செல்போன். கடையில் வாராவாரம் ஜம்ப் இதழ் விற்பனைக்கு வருகிறது, கதாநாயகனே அதன் தீவிர வாசகன். சரித்திரக் கதையில் இதெல்லாம் எப்படி என்று கேட்டால், வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். ஆசிரியர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பெரிய சுதந்திரம் இது. நேற்று டிவியில் பார்த்த விளம்பரத்தைக்கூட அவரால் எடோ காலத்துக்குள் கொண்டுவந்துவிட முடிகிறது.

இந்த அறிவியல் புனைவு வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை என்பதைக் காட்ட ஒரு பாத்திரம் போதும். ஹாட்டா என்றொரு அமந்தோ இளவரசன். நெற்றியில் ஆண்டெனா போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வினோத விலங்குகளைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. அந்த விலங்குகள் தப்பித்து எடோவில் மனிதர்களைத் தாக்கினாலும், இளவரசனின் மனம் கோணக்கூடாது என்பதுதான் அரசின் கவலை. அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹாசெகாவா என்ற குடிவரவுத் துறை உயரதிகாரிக்கு. கறுப்புக் கண்ணாடி, நல்ல சம்பளம், பல்லைக் கடித்துக்கொண்டு சலாம் போடும் வாழ்க்கை. ஒரு நாள் அவருக்குப் பொறுக்க முடியாமல் போகிறது. இளவரசனை ஓங்கி ஒரு குத்து விடுகிறார். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச்சொல்லி உத்தரவு வருகிறது, ஓடிவிடுகிறார். வேலை போகிறது, மனைவியும் பிரிந்துவிடுகிறார். அதற்கப்புறம் தொடர் நெடுகிலும் அதே கறுப்புக் கண்ணாடியோடு, பூங்காவில் அட்டைப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, கிடைத்த வேலையை எல்லாம் பறிகொடுத்துக்கொண்டே இருக்கிறார். பார்க்கிற நமக்கு அது ஓயாத காமெடி. ஆனால் அந்தக் காமெடியின் வேர், 1858 ஒப்பந்தங்கள் ஜப்பானியர்களுக்குக் கொடுத்த அதே அவமானம். குற்றம் செய்த அந்நியன் மீது கை வைக்க முடியாத நாட்டில், கை வைத்துவிட்ட ஒருவனின் கதி அது.

நிஜ மனிதர்களின் நிழல்கள்

பாத்திரங்களில் பலரும் அந்தக் காலத்து நிஜ மனிதர்களின் சாயலில் உருவானவர்கள். ஜப்பானிய வாசகர்கள் பெயரைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். நமக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் சுவாரசியம் இரட்டிப்பாகும். ஷோகன் அரசுக்காக 1863-இல் கியோட்டோவில் உருவான வாள்வீரர் படை ஷின்செங்குமி. தொடரில் அவர்கள் கறுப்புச் சீருடையும் ரோந்து காரும் கொண்ட எடோ போலீஸ். நிஜத் தலைவர் கொண்டோ இசாமி, இங்கே கொண்டோ இசாவோ. கண்டிப்புக்குப் பேர்போன துணைத் தலைவர் ஹிஜிகாதா தொஷிஸோ, இங்கே எதைத் தின்றாலும் மயோனைஸைக் குன்றுபோலக் கொட்டிக்கொள்ளும் ஹிஜிகாதா தொஷிரோ. காசநோயில் இளம்வயதிலேயே இறந்த ஒகிதா சோஜியின் சாயலில், தன் மேலதிகாரி ஹிஜிகாதாவைத் தீர்த்துக்கட்ட தினம் ஒரு வழி தேடும் ஒகிதா சோகோ.

எதிரணியிலும் இப்படித்தான். நிஜ கட்சுரா கொகோரோ, பிடிபடாமல் தப்பி ஓடுவதில் கெட்டிக்காரர் என்று பட்டப்பெயர் வாங்கியவர். பிற்பாடு புதிய அரசின் முக்கியத் தலைவர்களில் ஒருவரானார். தொடரின் கட்சுரா கொதாரோவும் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவுவதில் மன்னன். பக்கத்தில் எலிசபெத் என்றொரு பெரிய வெள்ளை உருவம், பேசாது, அட்டையில் எழுதிக் காட்டும். சகாமோட்டோ ரியோமா, கைஎன்தாய் என்ற வணிகக் கப்பல் அமைப்பை நடத்தியவர், 1867-இல் கொலையுண்டார். இங்கே சகாமோட்டோ தட்சுமா அதே பெயரில் விண்வெளியில் வணிகக் கலங்கள் நடத்துகிறார், கலத்தில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். கிஹெய்தாய் படையை 1863-இல் அமைத்த தகாசுகி ஷின்சாகு, இங்கே தகாசுகி ஷின்சுகே. இவர் மட்டும் சிரிப்புக்கு இடம் தராத ஆள்.

சரித்திரம் தெரியாமல் தொடரைப் பார்க்கவே முடியாதோ என்று பயப்பட வேண்டாம். தெரியாவிட்டாலும் கதை புரியும்.

தோற்ற பிறகு என்ன செய்வது?

கதாநாயகன் சகாதா கின்டோகி. வெள்ளிநிறச் சுருட்டை முடி, செத்த மீன் போல ஒளியில்லாத கண்கள், இனிப்புக்கு அடிமை. அமந்தோக்களுக்கு எதிரான போரில் ‘வெள்ளை அரக்கன்’ என்று எதிரிகள் நடுங்கிய வீரன். இன்றைக்கு கபுகிசோ பகுதியில், ஓட்டோசே என்ற மூதாட்டி நடத்தும் மதுக்கடையின் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, காசு கொடுத்தால் எந்த வேலையும் செய்யும் ‘யோரோசுயா’ கடை நடத்துகிறான். தொலைந்த பூனை தேடுவது, ஓட்டுக்கூரை சரிசெய்வது, அடிதடி, எதுவானாலும். வாடகை பாக்கி எப்போதும் இருக்கும்.

அவனை நாம் முறையாகச் சந்திக்கும் காட்சியில் தொடரின் அத்தனை குணமும் இருக்கிறது. ஷின்பாச்சி என்ற பதினாறு வயதுப் பையன் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறான். அப்பா நடத்திய வாள்பயிற்சிக்கூடம் வாள் தடையால் நொடித்துப்போனதால் வந்த நிலைமை. சாப்பிட வந்த அமந்தோ அதிகாரிகள் அவனைக் காலை இடறி விழவைக்கிறார்கள். முதலாளி அவர்களிடம் குழைந்துகொண்டே இவன் முடியைப் பிடித்து அடிக்கிறார். அப்போது பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வருகிறான் கின்டோகி, முதலாளியையும் அமந்தோக்களையும் துவைத்து எடுக்கிறான். சாமுராயின் மானத்தைக் காப்பாற்ற வந்தான் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது காரணம் சொல்கிறான்: அந்தக் களேபரத்தில் அவனுடைய சாக்லேட் பர்ஃபே, அதாவது ஐஸ்கிரீம் இனிப்பு, கொட்டிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதால் வாரம் ஒன்றுதான் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அந்த ஒன்றும் போச்சு. அடித்து முடித்ததும் ரத்தக்கறை படிந்த மரவாளை ஷின்பாச்சியின் இடுப்பில் செருகிவிட்டுக் கிளம்பிவிடுகிறான். போலீஸ் வந்து பிடிப்பது பையனை.

அவன் அடித்தது பர்ஃபேக்காகவா, பையனுக்காகவா? தொடர் கடைசிவரை இதற்கு நேரடியாகப் பதில் சொல்வதில்லை. கின்டோகி நல்லது செய்யும்போதெல்லாம் ஏதாவது அற்பக் காரணம் சொல்லித்தான் செய்வான். கொள்கை பேசி, கொடி பிடித்து, நண்பர்களைப் பறிகொடுத்துத் தோற்றவன் அவன். மறுபடி பெரிய வார்த்தைகளைப் பேச அவனுக்கு விருப்பமில்லை. கண்ணெதிரே இருக்கும் நாலு பேரைக் காப்பாற்றினால் போதும், அதையும் பர்ஃபேயின் பெயரால் செய்துவிட்டுப் போகலாம் என்பதுதான் அவன் எடுத்த முடிவு. கின்டாமாவின் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். நாடே தோற்றுப்போன பிறகும் மறுநாள் காலையில் எழுந்து, வாடகைக்கு அலைந்து, நண்பனோடு சண்டை போட்டுச் சிரித்து வாழ்கிறவர்களின் கதை இது.

அவன் இடுப்பில் இருக்கும் மரவாளும் இதையே சொல்கிறது. நிஜ வாளுக்குத் தடை, ஆகவே மரவாள். அதன் பிடியில் ‘தோயா ஏரி’ என்று பொறித்திருக்கும். அது சொராச்சியின் சொந்த ஊர்ப்பக்கமான ஹொக்காய்டோவில் உள்ள சுற்றுலாத் தலம். மாய சக்தி கொண்ட வாளாக இருக்குமோ என்று நினைத்தால், டிவி ஷாப்பிங்கில் வாங்கியது என்று தெரியவருகிறது. உடைந்தால் இன்னொன்று ஆர்டர் செய்துகொள்வான்.

ஷின்பாச்சியும் சேர்ந்துகொண்ட யோரோசுயாவில் மூன்றாவது ஆள் காகுரா. யாட்டோ என்ற போர்வெறி இனத்தைச் சேர்ந்த அமந்தோ சிறுமி. வெயில் ஆகாது, எப்போதும் குடையோடு திரிவாள். அந்தக் குடையே துப்பாக்கி. பானை சோற்றைத் தனியாளாகக் காலி செய்வாள். இவர்களோடு சதாஹாரு என்ற யானைக்குட்டி அளவு வெள்ளை நாய், பாசம் வந்தால் தலையைக் கவ்வும். படையெடுத்து வந்த இனத்தின் பெண், தோற்ற சாமுராயின் வீட்டு அலமாரிக்குள் படுத்துத் தூங்குகிறாள். யாரும் இதைப் பற்றி வசனம் பேசுவதில்லை, அதனாலேயே எனக்கு இந்தக் குடும்பம் இவ்வளவு பிடிக்கும்.

சிரிப்பு எப்படி வேலை செய்கிறது

ஜப்பானில் ‘மன்சாய்’ என்ற பழைய மேடை நகைச்சுவை வடிவம் உண்டு. இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் கிறுக்குத்தனமாக ஏதாவது சொல்லிக்கொண்டே போவார், அவர் ‘போகே’. மற்றவர் சட்டென்று வெட்டி, என்னய்யா இது என்று கவுண்டர் கொடுப்பார், அவர் ‘ட்சுக்கோமி’. கின்டாமாவின் காமெடி முழுக்க இந்த இரட்டைத் தாளத்தில்தான் நடக்கிறது. கண்ணாடி போட்ட ஷின்பாச்சிதான் முதன்மைக் கவுண்டர்காரன். சுற்றி இருக்கும் எல்லாரும் கிறுக்கர்கள், அவன் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருப்பான். ஆனால் இந்த வேடம் நிரந்தரமில்லை. தன்னைவிடப் பெரிய கிறுக்கன் எதிரில் வந்தால் கின்டோகியே கவுண்டர் கொடுக்க ஆரம்பித்துவிடுவான். ஷின்பாச்சி தன் அபிமானப் பாடகி ஓட்சுவின் பெயரைக் கேட்டால் அவனும் கிறுக்கனாகிவிடுவான். யார் எப்போது எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள், சாதாரண உரையாடல் காட்சிகூட ஒரு விளையாட்டுப் போலத் தெரியும்.

இந்தத் தாளத்தை நிற்கவைப்பது குரல் நடிகர்கள். கின்டோகிக்கு தொமொகாசு சுகிதா, ஷின்பாச்சிக்கு தாய்சுகே சகாகுச்சி, காகுராவுக்கு ரியே குகிமியா. வேகமாக, ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி, மூச்சுவிடாமல் பேசுவார்கள். முடிந்தவரை ஜப்பானிய ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள் என்று சொல்வேன். கண்ணுக்குக் கொஞ்சம் வேலைதான்.

அடுத்த விஷயம், தாங்கள் ஒரு அனிமே தொடரில் இருக்கிறோம் என்று பாத்திரங்களுக்கே தெரியும். பட்ஜெட் போதவில்லை என்று புலம்புவார்கள். யோரோசுயா வீட்டை வெளியிலிருந்து காட்டும் ஒரே படம் அசையாமல் நிற்க, உள்ளேயிருந்து குரல்கள் மட்டும் நிமிடக்கணக்கில் கேட்கும் எபிசோடுகள் உண்டு. புதிதாகப் பார்ப்பவர் வீடியோ நின்றுவிட்டதோ என்று யோசிப்பார். படம் வரையும் செலவைக் குறைக்கிறார்கள் என்பதையே ஜோக்காக்கி, அந்த உரையாடலையும் சிரிக்கும்படி எழுதியிருப்பார்கள். வாசகர்கள் நடத்தும் பாத்திர வாக்கெடுப்பு முடிவை வைத்து, பாத்திரங்கள் தங்களுக்குள் வெட்டிக்கொள்வது ஒரு தனிக் கதையாகவே வருகிறது.

மற்ற அனிமேக்களைக் கலாய்ப்பதும் நிறைய. இந்தக் குணம் திரைக்கு வெளியிலும் தொடர்ந்தது. 2020-இல் ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படம் ஜப்பான் வசூல் பட்டியலில் தொடர்ந்து பன்னிரண்டு வார இறுதிகள் முதலிடத்தில் இருந்தது. அந்தச் சூழலில் வந்த ‘தி ஃபைனல்’ படத்துக்கு, முதல் வாரம் திரையரங்குக்கு வந்தவர்களுக்கு டீமன் ஸ்லேயர் பாத்திரங்களை சொராச்சியே வரைந்த அட்டைகளைக் கொடுத்தார்கள். தன் கதையை முடிக்கும் படத்துக்கு அடுத்தவர் படத்துப் பாத்திரங்களைப் பரிசாகக் கொடுக்கும் துணிச்சல் வேறு யாருக்கு வரும்! அந்த வாரம் முதலிடத்தைப் பிடித்தது கின்டாமா.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஜோக்குகளில் ஒரு பகுதி நம்மைச் சேராது. ஜப்பானிய டிவி நிகழ்ச்சிகள், பழைய மாங்காக்கள், சிலேடைகள் என்று போகும் இடங்களில் சப்டைட்டில் எவ்வளவு முயன்றாலும் பாதிதான் கிடைக்கும். நின்று தேடிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அடுத்த ஜோக் பத்து விநாடியில் வந்துவிடும். அப்புறம், கொச்சையான நகைச்சுவையும் மலசலக் காமெடியும் தாராளமாக உண்டு. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கும் தொடர் இல்லை.

வாள் உருவப்படும்போது

காமெடித் தொடரில் சண்டை வந்தால் பொதுவாக நாம் பயப்பட மாட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தெரியும். கின்டாமாவில் வயிறு கலங்கும். அதற்குக் காரணம், அந்த மனிதர்களோடு நாம் அத்தனை நாள் சும்மா உட்கார்ந்து சிரித்திருப்பதுதான்.

ஓட்டோசே பாட்டியின் கதையைப் பாருங்கள். வாடகைக்காக கின்டோகியைத் துரத்துவதுதான் அவர் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிறகொரு சமயம் அவர்கள் சந்தித்த நாள் சொல்லப்படுகிறது. பனி கொட்டும் நாளில் கணவரின் கல்லறைக்குப் பலகாரத்தோடு போகிறார். கல்லறைக்குப் பின்னால் பசியில் சுருண்டு கிடக்கிறான் போரில் தோற்று வந்த கின்டோகி. அதைச் சாப்பிடலாமா என்று கேட்கிறான். இது என் கணவருக்குக் கொண்டுவந்தது, அவரைக் கேட்டுக்கொள் என்கிறார். அவன் அள்ளி விழுங்குகிறான். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், செத்தவர் பேசுவாரா என்கிறான். ஆனால் சாப்பிட்ட கடனுக்கு, அவர் இடத்தில் இருந்து இனி உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாகவே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறான். மாடி வீடு கிடைத்தது அப்படித்தான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டி மேல் யாராவது கை வைத்தால் அவன் முகம் எப்படி மாறும் என்று சொல்லத் தேவையில்லை.

தொடரின் முதல் பெரிய தீவிரமான கதை ‘பெனிசாகுரா’, எபிசோடு 58 முதல் 61 வரை. அறிவியல் புனைவும் வாள்சண்டையும் ஒன்றாகும் இடம் இது. பெனிசாகுரா என்பது இயந்திர அறிவு பொருத்திய வாள். பிடித்திருப்பவனின் கையோடு ஒட்டுண்ணிபோல ஒன்றாகிவிடும். ஒவ்வொரு சண்டையிலும் எதிராளியின் அசைவுகளைக் கற்றுக்கொண்டு வளரும். புகழ்பெற்ற வாள்கொல்லர் ஒருவரின் மகன் தெட்சுயா, அப்பாவை மிஞ்ச வேண்டும் என்ற வெறியில் உருவாக்கியது. அதை எதிர்க்க அவன் தங்கை தெட்சுகோ தன் கையால் ஒரு சாதாரண வாளை அடித்துக் கொடுக்கிறாள், ஒருவரைக் காப்பாற்றும் வாளாக இருக்கட்டும் என்று. முதல் மோதலில் குத்துப்பட்டுக் கிடந்த கின்டோகி, கட்டுப்போட்ட உடம்போடு அந்த வாளை எடுத்துக்கொண்டு போகிறான். கற்றுக்கொள்ளும் இயந்திரம் கணக்குப் போட்டுவைத்த வேகத்தை, மனிதன் எப்படித் தாண்டுகிறான் என்பதை எடுத்திருக்கும் விதம் இன்றைக்குப் பார்த்தாலும் சிலிர்க்கும். இதே கதையை 2010-இல் தனித் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

ஆனால் இந்த உத்தியின் உச்சம் ஷோகன். தொகுகாவா ஷிகேஷிகே, நாட்டின் ஷோகன். அமந்தோக்களின் பிடியில் இருக்கும் பொம்மை ஆட்சியாளர். மாறுவேடத்தில் ஒரு கேளிக்கை விடுதிக்கு வருகிறார். அங்கே நடக்கும் விளையாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் தோற்று, துணிகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்து, கடைசியில் வெள்ளை ஜட்டியோடு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அதற்கப்புறம் அவர் எங்கே வந்தாலும் இதே கதிதான். முடிதிருத்தும் கடையில் ஒருநாள் உதவிக்கு நின்ற நம் மூவரின் கையில் அவர் தலை சிக்குகிறது. பனிச்சறுக்குப் போன இடத்தில் சறுக்குப் பலகையாகவே ஆகிறார். நீச்சல் குளத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர் வந்தாலே நாம் சிரிக்கத் தயாராகிவிடுவோம். ஆனால் கவனித்தால் தெரியும், இத்தனை அவமானத்திலும் அவர் ஒருமுறைகூட யாரையும் தண்டிப்பதில்லை, கோபப்படுவதுமில்லை. அந்தச் சாமானிய மக்களோடு இருக்கும் நேரத்தை அவர் விரும்புகிறார் என்பது மெல்ல மெல்ல நமக்குள் இறங்குகிறது.

2015-இல் தொடங்கிய பருவத்தின் பின்பகுதியில், எபிசோடு 300-இல், ‘ஷோகன் படுகொலைச் சதி’ கதை ஆரம்பமாகிறது. என்ன நடக்கிறது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதுவரை நாம் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அங்கே வந்து கனக்கும். அந்தக் கதையோடு தொடரின் பழைய எடோவே முடிந்துபோகிறது. அடுத்து 308 முதல் 316 வரை ஷின்செங்குமியின் பிரிவுக் கதை. நிஜ ஷின்செங்குமித் தலைவருக்கு 1868-இல் என்ன ஆனது என்று அறிந்த ஜப்பானியப் பார்வையாளர்கள் அதை எந்த நெஞ்சோடு பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அறிவியல் புனைவு, காமெடி, ஆக்‌ஷன் மூன்றையும் கலந்த அனிமேக்கள் வேறு பல உண்டு. 1981-இலேயே ‘உருசேய் யட்சுரா’ வேற்றுக்கிரகப் பெண்ணை வைத்துக் கலக்கியது. 2014-இன் ‘ஸ்பேஸ் டாண்டி’ விண்வெளியையே கேலிக்கூடமாக்கியது. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான எபிசோடுகளுக்கு ஒரு தெருவையும் அதன் மனிதர்களையும் பழகவைத்து, பிறகு அந்தத் தெருவின் மேலேயே போரைக் கொண்டுவந்து நிறுத்தும் பொறுமையை நான் கின்டாமாவில்தான் பார்த்தேன்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் இரண்டு எபிசோடுகளைத் தாண்டிவிடுங்கள். அவை மாங்காவில் இல்லாதவை, ஏற்கெனவே பாத்திரங்களைத் தெரிந்த ரசிகர்களுக்காக எடுத்த கொண்டாட்டம். எபிசோடு 3-இல் நான் மேலே சொன்ன உணவகக் காட்சி வரும், அதுதான் உண்மையான தொடக்கம். பிறகு ஐம்பது எபிசோடு வரை கதை பெரிதாக நகராது. அவசரப்பட வேண்டாம், தினம் ஒன்றிரண்டு என்று பார்த்தால் போதும். ஒரே மூச்சில் பார்க்கும் தொடராக இது எழுதப்படவில்லை, வாரம் ஒன்று பார்த்தவர்களுக்காக எழுதப்பட்டது.

பெனிசாகுராவுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பிடித்துவிட்டால் அடுத்து 101 முதல் 105 வரை ஷின்செங்குமிக்குள் நடக்கும் சதி, 139 முதல் 146 வரை யோஷிவாரா என்று நல்ல கதைகள் காத்திருக்கின்றன. யோஷிவாராவில்தான் காகுராவின் அண்ணன் கமுய் முதன்முதலாக மோதலுக்கு வருகிறான்.

நேரம் இல்லாதவர்கள் தீவிரமான கதைகளை மட்டும் பொறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்பதுண்டு. செய்யாதீர்கள். ஷோகனின் ஜட்டியைப் பார்த்துச் சிரிக்காதவருக்கு எபிசோடு 300 சாதாரண அரசியல் சதிக் கதையாகத்தான் தெரியும். வேண்டுமானால் வெறும் கலாய்ப்பு எபிசோடுகளில் சிலவற்றை விடலாம், ஷோகன், ஹாசெகாவா, ஓட்டோசே வரும் எபிசோடுகளை விடாதீர்கள்.

பருவங்களின் பெயர்கள் குழப்பும். தலைப்பின் பின்னால் ஒரு மேற்கோள் குறி, ஒரு சின்ன வட்டம், ஒரு புள்ளி என்று மட்டுமே மாற்றி வைத்திருப்பார்கள். எனவே ஆண்டுக் கணக்கில் பாருங்கள்: 2006 முதல் 2010 வரை 201 எபிசோடுகள், 2011, 2012, 2015, 2017, 2018 என்று மீதி. 2017 அக்டோபரில் வந்த 13 எபிசோடுகள் மட்டும் முன்பு விட்டுப்போன காமெடிக் கதைகள். தீவிரமான கட்டத்துக்கு நடுவே அவை வந்தால் திகைக்க வேண்டாம். 2013 திரைப்படத்துக்கு சொராச்சியே கதை எழுதினார், அதை 265-ஆம் எபிசோடுக்குப் பிறகு பாருங்கள். ‘தி ஃபைனல்’ எல்லாவற்றுக்கும் கடைசியில்.